குறைவாக ஓடும் காருக்கும் ஆயில் மாற்ற வேண்டும்

மாட்டுவண்டி பூட்டிப் பழகிய நம் முன்னோர், தொலைதூரம் புறப்படுமுன் அச்சுக்கு மை இடுவதை ஒரு கடமையாகவே கொண்டிருந்தனர். மை வறண்டால் அச்சு கிரீச்சிட்டுத் தன் குறையை ஊரறியச் சொல்லிவிடும். இன்று நம் குடும்பங்கள் பலவற்றில், கடன்பட்டேனும் வாங்கிய கார் ஒன்று வாசலில் நிற்கிறது. அதன் என்ஜினோ, ஆயில் கெட்ட பின்பும் நெடுநாள் வாய் திறப்பதில்லை. அது முனகத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும் என்ஜினில், ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. இத்துணை விரைவிலும் உலோகம் உலோகத்தைத் தின்னாதிருப்பதற்குக் காரணம், இடையே பரவி நிற்கும், தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலமே. அந்த ஆயில் உராய்வைத் தணிக்கிறது, வெப்பத்தை வாங்கிச் செல்கிறது, கரியையும் துகளையும் வடிகட்டியிடம் சேர்க்கிறது, துருவைத் தடுக்கிறது. சிறிய கார்களில் ஏறத்தாழ 3 லிட்டர் ஆயில்தான் இவ்வளவு வேலையையும் செய்கிறது.

ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. வெப்பத்தில் காற்றோடு கலந்து அது கெட்டியாகிறது. அழுக்கைக் கரைப்பதற்கென்று அதில் சேர்த்துள்ள மருந்துகள் நாளடைவில் செலவாகிவிடுகின்றன.

“எங்கள் கார் ஞாயிறன்று கோவிலுக்கும், எப்போதாவது மருத்துவமனைக்கும்தான் போகிறது. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. ஆயில் மாற்றுவானேன்?” என்று கேட்போர் பலர். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் இறங்குகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறும் என்ஜினில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டரில் நின்றுவிடும் காரிலோ, ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆகவேதான் கார் செய்வோர் தூரத்தோடு காலத்தையும் குறிப்பிடுகின்றனர். இக்காலக் கார்கள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே கெடு. உங்கள் காருக்குரிய கணக்கு அதனுடன் தந்த கையேட்டில் இருக்கும்.

கெடு தவறினால் நேர்வதென்ன? ஆயில் கூழ்போன்ற கசடாகி, பம்பின் சல்லடையையும் எண்ணெய் செல்லும் நுண்வழிகளையும் அடைக்கிறது. வடிகட்டி அடைபட்டால், அதிலுள்ள மாற்றுவழி திறந்து, வடிகட்டாத ஆயிலையே உள்ளே விடுகிறது. ஆயில் இல்லாமற்போவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்பதால் செய்த ஏற்பாடு அது. அந்த அழுக்கு பேரிங்குகளை அரிக்கிறது. டர்போ பொருத்திய கார்களில், நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும் தண்டு முதலில் பழுதாகலாம். பின்னர் என்ஜினின் அடிப்பகுதியில் ‘டக், டக்’ என்ற ஓசை கேட்கும். இறுதியில் என்ஜின் இறுகி நின்றுவிடும். ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பார் மெக்கானிக். பல ஆண்டுகளுக்கு ஆயில் மாற்றும் செலவை அந்த ஒரு பழுதே விழுங்கிவிடும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கோ அன்றே வருமானம் நிற்கும். கடன் தவணை மட்டும் நிற்காது.

செய்யவேண்டியவை எளியவை. சமதரையில் என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, அளவுகோலைத் துடைத்து மீண்டும் இட்டுப் பாருங்கள். ஆயில் இரு கோடுகளுக்கும் இடையே இருக்கவேண்டும். குறைந்ததை நிரப்புவது மாற்றுவதாகாது. ஊசிப்போன குழம்பில் புதுக்குழம்பை ஊற்றினால் குழம்பு நல்லதாகிவிடுமா? நிறம் கறுத்ததாலேயே ஆயில் கெட்டதென்றும், தெளிந்திருப்பதாலேயே நல்லதென்றும் முடிவு செய்யாதீர்கள். ஆயிலோடு வடிகட்டியையும் மாற்றுங்கள். பழைய கார் வாங்குவோர், முன்பு எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லையெனில், வாங்கியவுடன் மாற்றிவிடுவது நலம். ஓடும்போது எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், அடுத்த பட்டறைவரை போகலாம் என்று எண்ணாமல் ஓரமாக ஒதுங்கி உடனே என்ஜினை நிறுத்துங்கள்.

கழிந்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டலாகாது. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அது அபாயக் கழிவாகும், பட்டறையிலேயே ஒப்படையுங்கள்.

ஆயில் மாற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக் காரிலேயே வையுங்கள். அடுத்த கெடுவை நினைவூட்டும் பொறுப்பை வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். பெரியவர்கள் மறந்தாலும் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.