ரப்பர் பொருந்தினால்தான் பாட்டு பொருந்தும்

ஜிம்மில் பழக்கமான தம்பி ஒருவர் தன் புது நெக்பேண்டை என்னிடம் நீட்டினார். "ஆயிரத்து இருநூறு ரூபா அண்ணா. பெட்டியில டீப் பாஸ்னு போட்டிருக்கான். கேட்டா தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு. திருப்பிக் குடுத்துடவா?"

வாங்கி மாட்டிப் பார்த்தேன். தகரம்தான். மாட்டியபடியே இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினேன்; டிரம்ஸ் அதிர்ந்தது. விரலை எடுத்ததும் மறுபடி தகரம். "பெட்டிக்குள்ள ஒரு சின்ன கவர் இருந்திருக்குமே?" என்றேன். "அதைப் பிரிக்கவே இல்லையே அண்ணா!"

அந்தக் கவரில் இருந்தவை வேறு அளவு சிலிக்கோன் ரப்பர்கள். பெரியதை மாட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

சைக்கிள் பம்ப்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் என்ன ஆகும்? மெதுவாக அமுக்கினால் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும். படக்கென்று அமுக்கினால் கொஞ்சமாவது உள்ளே போகும். காதிலும் இதே கதைதான். இயர்போனுக்குள் இருக்கும் டிரைவரில் ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, காதுத் துளையில் அடைபட்ட காற்றை அழுத்தித் தளர்த்துகிறது. பாஸ் என்பது நொடிக்கு 50, 100 முறை மட்டுமே அசையும் மெதுவான அதிர்வு. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் வெளியே கசிந்துவிடும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் அதிரும் கீச்சொலிக்கு இந்தக் கசிவு பெரிய தடையே அல்ல. எனவேதான் பொருந்தாத இயர்போனில் சலங்கை கேட்கிறது, மத்தளம் காணாமல் போகிறது.

இது புரிந்தால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பல எண்களின் பவிசு தெரிந்துவிடும். 10 மி.மீ. டிரைவரா, 13 மி.மீ. டிரைவரா என்பது இரண்டாம் கேள்வி; கசியும் காதில் இரண்டும் ஒன்றுதான். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பது மனிதக் காதின் எல்லையைக் குறிக்கப் பாடப்புத்தகங்கள் சொல்லும் எண். எந்த ஒலி எவ்வளவு ஏற்ற இறக்கத்தோடு கேட்கும் என்று சொல்லாதவரை அந்த எண்ணால் பயனில்லை. 'ஈ.என்.சி.' என்று போட்டிருந்தால் உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் உங்களுக்குக் கேட்காது என்று நினைத்துவிடாதீர்கள். அது நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சலைக் குறைக்கும் வசதி. உங்கள் காதுக்கு அமைதி தருவது 'ஏ.என்.சி.'. ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஏமாறுபவர்கள் ஏராளம்.

உடற்பயிற்சிக்கு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது நீர்த்தடுப்புக் குறியீடு. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும், சோதனையில் 6.3 மி.மீ. முனை வழியே நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சுவார்கள். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடக்கலாம். ஆனால் 7 வாங்கிய பொருள் 5-க்கான பீய்ச்சலையும் தாங்கும் என்று பொருளில்லை. இரண்டும் தனித்தனிச் சோதனைகள். வியர்வைக்கு 4 போதும், 5 இருந்தால் நிம்மதி.

இந்தச் சோதனைகளெல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. வியர்வையோ உப்புநீர். ஈரம் காயாத இயர்பட்ஸை டப்பாவில் வைத்துச் சார்ஜ் ஏற்றினால், உப்புநீரும் மின்சாரமும் சேர்ந்து அந்தச் சின்ன உலோகப் புள்ளிகளை அரித்துத் தின்றுவிடும். 'ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் இந்தப் புள்ளிகளைத்தான் பார்க்க வேண்டும். துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு உள்ளே வைப்பதே வைத்தியம்.

வீட்டில் ஒழுங்காகப் பாடும் இயர்பட்ஸ் மெரினா மணலில் விட்டு விட்டுக் கேட்கிறதா? பழுதில்லை. புளூடூத் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. நம் உடம்பில் பெரும்பகுதி நீர். அது இந்த அலைகளை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். போன் வலது பின் பாக்கெட்டில் இருந்தால் இடது காதுக்குப் போகும் வழியில் உடம்பே மதிலாக நிற்கிறது. அறைக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சுற்றி வந்து காதைச் சேர்ந்துவிடும். வெட்டவெளியில் அந்தத் துணை கிடையாது. போனைக் கைப்பட்டையில் மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரப்பர் இறுக்கமாக இருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். காலடி 'தொம் தொம்' என்று மண்டைக்குள் கேட்கும். எலும்பு வழியே வரும் அதிர்வு திறந்த காதில் வெளியேறிவிடும், அடைத்த காதில் சிக்கிக்கொள்ளும். சாலையில் ஓடுபவருக்கு இது தொல்லை. பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் கேட்காமல் போவது ஆபத்து. அவர்களுக்கு ரப்பர் இல்லாத திறந்த வகையோ, கன்ன எலும்பில் அமரும் எலும்புக் கடத்தல் வகையோ நல்லது. பாஸ் குறையும்; பரவாயில்லை.

ஜிம்முக்கும் வீட்டுக்கும் அடைப்பு வகைதான் சரி. ஜிம் ஸ்பீக்கர் அலறும்போது, கசியும் இயர்போன்காரர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்காதின் மயிரிழைச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. நன்றாகப் பொருந்திய ரப்பர் வெளி இரைச்சலைத் தடுப்பதால் குறைந்த சத்தமே போதும்.

ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பட்ஜெட்டில் பயிற்சிக்கு வாங்குவதானால் என் ஓட்டு நெக்பேண்டுக்கே. பெரிய பேட்டரி வைக்க இடமிருக்கிறது, காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் தொங்கும். வாங்கியதும் மாட்டிக்கொண்டு இருபது முறை குதியுங்கள், எதையாவது மெல்லுங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமே மாறும். பிறகு விரலால் அழுத்திப் பாருங்கள். பாஸ் கூடினால் ரப்பர் சரியில்லை. இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறு அளவும் தேவைப்படலாம். அதில் தப்பே இல்லை. பெட்டியைத் தூக்கிப் போடும்முன் அந்தச் சின்னக் கவரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.