தலைவலி மாத்திரை போடலாமா? கர்ப்பிணிகள் அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்கணும்... ஏன்?

மாலை ஆபீஸ் முடியும் நேரம். தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. ஹேண்ட்பேக்கில் எப்பவும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். ஆனால், இப்போது ஆறாவது மாதம். போடலாமா? அதற்கான பதில், அட்டையின் பின்னாடி பொடி எழுத்தில் இருக்கு.

பாராசிட்டமால் ஓகேவா?

காய்ச்சல், வலிக்கு கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் முதலில் சொல்வது பாராசிட்டமால்தான். டோலோ 650-ல் இருப்பதும் இதுவே. குறைந்த அளவில், தேவைப்படும் நாள்களுக்கு மட்டும் போதும்.

இதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் பேசியது பலரைப் பயமுறுத்தியது. ஆனால், ஸ்வீடனில் சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் தரவுகளை வைத்து நடந்து, 2024-ல் வெளியான ஆய்வில், உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. பயந்துபோய் கடும் காய்ச்சலை அப்படியே விடுவதும் கருவுக்கு நல்லதில்லை.

எதில் உஷார்?

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன். 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020 அக்டோபரில் எச்சரித்தது. அந்தக் கட்டத்தில் பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். இந்த மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்தால் அந்த நீர் குறையும். 30 வாரம் நெருங்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. பிறந்த பிறகு மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கலாம்.

குழப்பம் எங்கே?

கூட்டு மாத்திரைகளில்தான். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு 400 மி.கி. ஐபுப்ரோஃபெனும் இருக்கு. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதோடு தனியாக இன்னொன்று போட்டால் டோஸ் கூடிவிடும். டைக்ளோஃபெனாக் ஜெல், ஸ்ப்ரேயும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு: பிபி சிக்கலைத் தடுக்க டாக்டர் குறைந்த டோஸ் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திடாதீங்க.

மெடிக்கலில் என்ன சொல்லணும்?

‘தலைவலிக்கு ஒண்ணு கொடுங்க’ என்பதற்கு முன்னால், எத்தனையாவது மாதம் என்று சொல்லுங்க. வீட்டில் வேறு யாராவது வாங்கப் போனாலும் இதைச் சொல்லி அனுப்புங்க. தலைவலியோடு பார்வை மங்கினாலோ, முகம், கை வீங்கினாலோ மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்க.