தீபம் அசைவதில்லை



திருக்கார்த்திகை நாளன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏற்றப்பெறுகின்றது. 2,668 அடி உயரமுள்ள அம்மலையின் முடியில் 11 நாள் அவ்வொளி திகழ்கின்றது. நம் முகையூருக்கு அண்மையில், தென்பெண்ணையின் வடகரையில் இருப்பது அரகண்டநல்லூர். பாடல் பெற்ற அறையணிநல்லூர் அதுவே. அங்கிருந்து திருஞானசம்பந்தப் பெருமான் அண்ணாமலையைக் கண்டு தொழுதார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. ஆகவே, தொலைவில் நின்று அண்ணாமலையைத் தொழுதல் இப்பகுதிக்கு வழிவழி வந்த பேறாகும்.

தொலைவில் நின்று காண்போர்க்கு மலைத்தீபம் ஒரு விண்மீன்போல் தோன்றும். அதனை நெடுநேரம் நோக்கியிருந்த அன்பர் சிலர், "தீபம் மெல்ல அசைந்தது, இடம் பெயர்ந்தது" என்று மெய்சிலிர்த்துக் கூறுவதுண்டு. அவர்கள் பொய் கூறவில்லை. அசைவைக் கண்டது உண்மை. ஆனால், அசைந்தது எது என்பதே ஆராயத்தக்கது.

சூழ எங்கும் இருளாயிருக்க, ஒற்றை ஒளியை நோக்குங்கால், அதனோடு ஒப்பிட்டு நோக்க மரமோ சுவரோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கண்ணோ ஒரு கணமும் முற்ற அசைவற்று நிற்பதன்று. அளவுகோல் இல்லாத அந்நிலையில், நிற்கும் ஒளியே அலைவதாக மனம் மயங்குகின்றது. 1799ஆம் ஆண்டில் ஹம்போல்ட் என்னும் செருமானிய அறிஞர் தெனரீப் தீவின் மலைமேலிருந்து விண்மீன்கள் ஊசலாடக் கண்டதாக எழுதிவைத்தார். விண்மீன்கள் ஆடவில்லை, காண்பவரின் காட்சியே ஆடிற்று என்பதைப் பின்வந்தோர் தெளிந்தனர். ஐயமுடையோர், புலப்படும் ஒரு கோபுர விளிம்பையோ மரக்கிளையையோ ஒளியின் அருகில் பொருந்த வைத்து நோக்குக, அலைவு அடங்கிவிடும்.

இனி, நம் ஊர்ப் பிள்ளைகள் கார்த்திகையில் சுழற்றும் மாவலியை எண்ணிப் பாருங்கள். ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைப் பிளவுகளுக்கிடையே வைத்துக் கட்டி, நெருப்பிட்டுக் கயிற்றால் சுழற்றுகின்றனர். பொறிகள் பூவாய்ச் சொரிய, இருளில் ஒரு முழு நெருப்பு வட்டம் எழுகின்றது. உண்மையில் நெருப்பு ஒரு கணத்தில் ஓரிடத்தில்தான் உள்ளது. கண்ட ஒளி உடனே மறையாது சிறுபொழுது நிற்பதால், முன்னைய இடமும் பின்னைய இடமும் இணைந்து வட்டமாகின்றன. 1765ஆம் ஆண்டில் டார்சி என்பார் எரிதணலைச் சுழற்றி இப்பொழுதினை அளந்தார். அது ஒரு நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

இவ்வுவமை நம் நாட்டுக்குப் புதிதன்று. கௌடபாதர் தம் மாண்டூக்கிய காரிகையின் நான்காம் பகுதிக்குச் சுழலும் கொள்ளியைக் கொண்டே பெயரிட்டார். அவர் கொள்கை வேறு. சைவ சித்தாந்தம் உலகை வெறுந்தோற்றம் என்று தள்ளுவதன்று. வட்டம் மயக்கமே, எனினும் கொள்ளி உண்டு, சுழற்றும் கையும் உண்டு.

கற்பூர தீபம் கண்டு கண்களை மூடியவுடன் உள்ளே தோன்றும் நிழலுருவும், பேரொளியால் களைத்த விழித்திரையின் செயலே. இமைகளைச் சுருக்கி நோக்கும்போது விளக்கினின்று மேலும் கீழும் நீளும் கதிர்கள், இமையோரத்து நீர்ப்படலம் ஒளியை வளைப்பதால் உண்டாவன.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லுதல் கடன். கார்த்திகை, மார்கழிப் பனியில் விளக்கைச் சுற்றி வளையம் தோன்றுமாயின், அது நுண்ணிய நீர்த்துளிகளின் செயல். அருகில் நிற்பார் அனைவரும் அதனைக் காண்பர். பனியில்லாத இரவிலும் ஒருவர்க்கு மட்டும் விளக்குதோறும் வானவில் நிற வளையம் தோன்றி, கண்வலியும் தலைவலியும் பார்வை மங்கலும் சேருமாயின், அது கண் அழுத்த நோயின் அறிகுறியாகலாம். முதியோர்க்கு இரவு விளக்குகள் சிதறிக் கூசுவது கண்புரையாலும் நேரும். அதனை அருட்காட்சி என்றெண்ணி வாளாவிருத்தல் கூடாது. புரை அறுவையால் நீங்கும்; அழுத்தத்தால் இழந்த பார்வையோ மீளாது. வளையத்தோடு வலி வந்தால், விடியும்வரை காத்திராமல் மருத்துவரை நாடுக. பார்வை இழந்த சுந்தரர் அதனை மீண்டும் பெறத் தலந்தோறும் இறைவனிடம் எவ்வாறு முறையிட்டார் என்பதை அறிந்த நாம், அவன் தந்த கண்ணைப் பேணாதிருக்கலாமா?

"இவ்வாறெல்லாம் ஆராய்ந்தால் பக்தி குறையாதோ?" எனச் சிலர் அஞ்சுவர். குறையாது. இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையேனும் காட்டும். ஆணவமலமோ தன்னையும் காட்டாது என்று திருவருட்பயனில் உணர்த்துகின்றார் உமாபதி சிவம். தன் மயக்கத்தை மயக்கம் என்று ஒருவன் அறியும்போதே அவ்விருளில் ஒரு கீற்று விழுந்துவிட்டது. அந்தகாசுரனை இறைவன் அடக்கிய வீரட்டத் தலம் அருகிலுள்ள திருக்கோவலூரே. அந்தகன் என்னும் சொல்லுக்குக் குருடன் என்பது பொருள். அத்தலத்தின் அருகே வாழும் நாம் இதனை மறத்தல் தகாது.

ஆகவே, அடுத்த கார்த்திகையில் தீபம் அசைவதாகத் தோன்றினால், அசைந்தது நம் கண் என்று உணர்ந்து மீண்டும் நோக்குவோம். அலைவன நம் கண்ணும் மனமுமே. அண்ணாமலையான் ஒளி நின்றபடியே நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.