பர்த்டேவுக்கும் பாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

'ஹேப்பி பர்த்டே' என்று வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பாத நாளே இல்லை. ஆனால், அந்த 'பர்த்' என்ற சொல்லின் பூர்வீகம் பிரசவம் அல்ல, சுமை தூக்குவது!

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், இன்றைய டென்மார்க், தெற்கு ஸ்வீடன், வட ஜெர்மனி பகுதிகளில் பேசப்பட்டது மூல ஜெர்மானிக் மொழி. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் அதன் வாரிசுகள். அதில் 'சுமத்தல்' என்பதற்கான வினைச்சொல் 'பெரனன்'. அந்தக் காலத்தில் யாரும் இதை எழுதிவைக்கவில்லை. வாரிசு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த சொல் இது. அதனால்தான் அகராதிகளில் இதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்.

குழந்தையை வயிற்றில் சுமப்பதும் சுமைதானே? அப்படித்தான் பொருள் விரிந்தது. ஆங்கிலத்தில் 'பேர்' என்றால் தாங்கு, 'பர்டன்' என்றால் சுமை, 'பார்ன்' என்றால் பிறந்த. ஸ்வீடிஷில் 'பார்ன்' என்றாலே குழந்தை. எல்லாம் ஒரே குடும்பம். (கரடியைக் குறிக்கும் 'பேர்' மட்டும் வேறு வேர்!)

இந்த வேர் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. சமஸ்கிருதத்தில் 'பரதி' என்றால் சுமக்கிறான், லத்தீனில் 'ஃபெரோ' என்றால் சுமக்கிறேன். நாம் சொல்லும் 'பாரம்' சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல்.

'எப்படி நம்புவது?' என்கிறீர்களா? சமஸ்கிருதத்தில் மூச்சுக்காற்றோடு ஒலிக்கும் 'ப', சொல்லின் தொடக்கத்தில் லத்தீனில் 'ஃப' ஆகவும், ஜெர்மானிக்கில் காற்றில்லாத 'ப' ஆகவும் வரும். பிராதா, ஃப்ராதேர், பிரதர் என்ற சொற்களிலும் இதே கதைதான். இப்படிப்பட்ட ஒலி மாற்றங்களை 1822-ல் விதிகளாகத் தொகுத்தவர், தேவதைக் கதைகளால் நமக்குத் தெரிந்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம்.

அப்படியென்றால் 'பர்த்' என்பது நம் 'பிள்ளைப்பேறு' என்பதில் வரும் 'பேறு'தானா? கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால், இல்லை. 'பேறு' வந்தது 'பெறு' என்பதிலிருந்து. அதாவது, கிடைப்பது. 'பர்த்' வந்ததோ சுமப்பதிலிருந்து. தமிழ் வேறு மொழிக் குடும்பம். இரண்டுக்கும் இடையே இப்படி ஒழுங்கான ஒலி மாற்றமும் இல்லை.

'இந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது' என்று அடுத்த முறை ஃபார்வேர்டு வந்தால், இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் என்ன? அதே ஒலி மாற்றம் வேறு சொற்களிலும் இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் இருந்தால் மட்டும் பகிருங்கள். தமிழின் பெருமைக்குப் பொய்ச் சான்று தேவையில்லை!