மலையில் மூடுபனி: அடிவாரத்துக்கு உடனே தெரிவது எப்படி?

அடிவாரத்தில் பழனியில் வெயில் கொளுத்தும்போதே, சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் மூடுபனி இறங்கிவிடும். அங்குள்ள ஒரு வெப்பமானி சர்வரோடு இணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிவாரத்துச் செல்பேசிக்கு வெப்பநிலை மாற்றம் உடனே தெரிவது எப்படி?

வழக்கமான இணைய நெறிமுறையான எச்.டி.டி.பி. கடிதம் மாதிரி, கேட்டால்தான் பதில். 2011-இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் நெறிமுறையோ தொலைபேசி மாதிரி. கிளையன்ட் (இங்கே நம் செல்பேசி) முதலில் எச்.டி.டி.பி. வழியே ‘மாறிக்கொள்ளலாமா?’ என்று கேட்கும்; சர்வர் 101 என்ற குறியீட்டால் சம்மதிக்கும். பிறகு அதே இணைப்பில் இரு பக்கமும் நினைத்தபோது பேசலாம்.

கிளையன்டுக்கு நான்கே வேலை: முகவரி கொடுத்துத் திறப்பது, அனுப்புவது, வருவதைக் கவனிப்பது, மூடுவது. மலைப்பாதையில் சிக்னல் அறுந்தால்? இணைப்பு தானாக மீளாது. சற்று இடைவெளி விட்டு மறுபடி இணையும்படி நாம்தான் நிரல் எழுத வேண்டும்.