தகரக் கொட்டிலில் வெப்பத்தைத் தணிப்பது எப்படி?

சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டிலினுள் குழந்தைகளையும் முதியோரையும் வைத்திருப்பது பெருஞ் சிரமம். தகரம் மெல்லியது, விரைவில் சூடாகி, அச்சூட்டை நம் தலைமேல் வீசுகிறது. ஆகவே முதலில் கூரையைக் கவனிப்போம்.

1. தகரத்தின் மேல் தடிகளை வைத்து, அவற்றின்மேல் கிடுகு பரப்பிக் கட்டுங்கள். இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தால் காற்று ஓடிச் சூட்டைக் கொண்டுபோகும். கிடுகு எளிதில் தீப்பற்றும். ஆதலால் அடுப்பை வெளியே, பொறி கொட்டிலை நோக்கிப் பறக்காத பக்கத்தில் வையுங்கள்.

2. கிடுகு கிடையாவிடில் சுண்ணாம்பைக் கரைத்துத் தகரத்தின் மேற்புறம் பூசலாம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். மழை கழுவிவிடும்; ஆண்டுதோறும் பூச வேண்டும். கண்ணிற் படாமல் கவனியுங்கள்.

3. சூடான காற்று மேலெழும். அது வெளியேற முகட்டுக்குக் கீழே இருபுறமும் திறப்பு விடுங்கள்.

4. காற்று வரும் வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிடலாம். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே. வறண்ட சோளகக் காற்றில் இது நன்கு பயன்தரும். காற்றோட்டமற்ற இடத்தில் புழுக்கமே மிஞ்சும்.

5. மேற்குப் பக்கம் பந்தலிட்டுப் பாகல், சுரை படரவிடுங்கள். குளித்த நீரே போதும். "ஊர் திரும்பப் போகிறோம், இங்கே எதற்கு நடுவது?" என எண்ண வேண்டாம். பாகல் இரண்டு மாதத்தில் காய்க்கும். நிழலும் கறியும் கிடைக்கும்.

ஒருவரின் உடல் கொதித்துப் பேச்சுத் தடுமாறினால் அது வெறுங் களைப்பன்று. நிழலிற் கிடத்தி, உடலை நனைத்து விசிறியபடி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். மயங்கியவரின் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.