குழம்பு தண்ணியாகும்போது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் வயலெல்லாம் வெள்ளக்காடு. இப்படியொரு மழைக்குப் பிறகு காய்கறிக் கடையில் நிற்கிற எவருக்கும் தோன்றும்: விளைச்சல் கொஞ்சம்தானே குறைந்திருக்கும், விலை மட்டும் ஏன் இப்படித் தாவுகிறது?

இந்தக் கேள்விக்கு முந்நூறு வருடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1699-ல் சார்லஸ் டேவனன்ட் என்ற ஆங்கிலேயர் அச்சிட்ட நூலில் வந்தது; கிரிகரி கிங் என்பவர் பெயரால் வழங்குகிறது. தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். இரண்டு பங்கு குறைந்தால் எட்டு பங்கு ஏறும். பாதி விளைச்சல் போனால் விலை ஐந்தரை மடங்காகிவிடும். துணி வாங்குவதைத் தீபாவளிவரை தள்ளிப்போடலாம், இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. இருக்கிற கொஞ்சத்துக்கு எல்லோரும் ஒரே நாளில் கை நீட்டுவதால் விலை ஏறுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் அரசு அதை 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது.

தக்காளி ஏறினால் புளியை வைத்துச் சமாளிக்கலாம். எனக்குக் கவலை பருப்பைப் பற்றித்தான். நம் தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வருகிறது. அதனால் விலைவாசி எவ்வளவு ஏறினாலும் சோற்றுப் பானை நிறைந்தே இருக்கும். தண்ணியாவது குழம்பு. கால் கிலோ பருப்பு வேகிற இடத்தில் ஒரு கைப்பிடி வேகும். வயிறு நிறைந்துவிடுவதால் பருப்பு குறைந்தது வெளியே தெரிவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ ரேஷன் அரிசி என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 165 கிராம். 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பைப் பங்கிட்டால் ஆளுக்கு 8 கிராம். இரண்டும் சேர்ந்து தரும் புரதம் 15 கிராமுக்கும் குறைவு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இந்த இடைவெளியை அரிசியைக் கூட்டி நிரப்ப முடியாது என்பதுதான் சிக்கல்.

காரணம் புரதத்தின் உள்ளே இருக்கிறது. உடல் தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றில் எது மிகக் குறைவோ, அந்த அளவுக்குத்தான் உடல் தசையைக் கட்டும்; மீதியை எரித்துவிடும். அரிசியில் குறைவது லைசின். பருப்பில் லைசின் தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. அது அரிசியில் இருக்கிறது. சாம்பார் சோறும் இட்லியும் வெண்பொங்கலும் ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கும் சேர்க்கைகள். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு இருந்தால் இந்தச் சேர்க்கை நன்றாக அமையும். மேலே சொன்ன வீட்டில் இருப்பது இருபதுக்கு ஒன்று.

மிகக் குறைந்த செலவில் சத்து குறையாமல் சாப்பிடுவது எப்படி என்ற கேள்வி கணித உலகையே அசைத்திருக்கிறது. 1945-ல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 77 உணவுப் பொருள்களையும் ஒன்பது சத்துகளையும் வைத்துக்கொண்டு, ஒருவர் வருடத்துக்கு 39.93 டாலரில் பிழைக்கலாம் என்று கண்டார். ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணிதவியலாளர் கண்டுபிடித்த புதிய கணக்கு முறையைச் சோதிக்க 1947-ல் இதே கணக்கை எடுத்தார்கள். ஒன்பது எழுத்தர்கள், மேசைக் கணிப்பான்கள், மொத்தம் 120 ஆள்நாள் உழைப்பு. விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் விலைமலிந்த பட்டியலில் கோதுமை மாவுக்குப் பக்கத்தில் இருந்தது உலர்ந்த பீன்ஸ் வகைப் பயறு. மாதத் தொடக்கத்தில் மளிகைச் சீட்டு எழுதுகிற பெண், பிள்ளைகளின் நாக்கையும் விரத நாளையும் சேர்த்துக்கொண்டு, இதைவிடக் கடினமான கணக்கைத் தனியாகப் போடுகிறார்.

பயறு மலிவாக இருப்பதற்கு வேரில் காரணம் உண்டு. புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். பயறு வகைகளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. நம் மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், அந்தக் குடும்பம்தான். மண்ணுக்கு மேலே பூத்து, விழுது இறக்கி, மண்ணுக்குள்ளே காய்க்கிற செடி. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம், ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு கர்நாடகம், ஆந்திரம் வரை போய்ப் பல பத்தாண்டுகள் விளைந்தது. நூறு கிராம் மல்லாட்டையில் 25 கிராம் புரதம், துவரம்பருப்பில் 22. செக்கில் ஆட்டினால் எண்ணெய் நமக்கு, புரதம் பிண்ணாக்காக மாட்டுக்குப் போய்விடுகிறது. அவித்தோ, துவையலாக அரைத்தோ சாப்பிட்டால் இரண்டும் நமக்கே.

ஆனால் மல்லாட்டையிலும் லைசின் குறைவு. அது பருப்புக்குத் துணையாகலாம், மாற்றாகாது. பூஞ்சணம் பிடித்த கொட்டையை மலிவென்று வாங்கவே கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம், தீவனக் கடலைப் பிண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. வீட்டுச் சமையல் சூட்டில் அது அழியாது.

கடையில் கிலோ விலையை மட்டும் பார்க்காமல், அதைப் புரத அளவால் வகுத்துப் பாருங்கள். ஒரு முட்டைக்கு 6 கிராம், கொள்ளு, காராமணி, பச்சைப்பயறுக்கு நூறு கிராமுக்கு 22 முதல் 24 கிராம். வாரத்துக்கு வாரம் எது மலிவோ அது மாறும். விலை ஏறிய மாதத்தில் ரேஷன் பருப்பை விட்டுவிடாமல் வாங்குங்கள். மளிகைச் சீட்டில் பயறையும் மல்லாட்டையையும் முதலில் எழுதுங்கள். பிஸ்கட்டும் சர்க்கரையும் மீதிப் பணத்துக்கு வரட்டும்.